மூன்று உரப்பைகளில் வந்த கார்

புளியங்குளத்தில் கண்டி வீதியிலிருந்து நெடுங்கேணிக்குத் திரும்பும் பாதையில் சற்றுத் தூரம் வந்தால் எங்கள் கராச் இருக்கிறது. வாகனங்களைக் கழற்றுவதும் பூட்டுவதும் என் கணவர். கழற்றியதைக் கழுவி, கறள் நீக்கி, மறுபடி பூட்டக்கூடிய பதத்தில் அவர் கையில் கொடுப்பது நான். பதினொரு வருடமாக இதுதான் என் வேலை.

முதல் எட்டு வருடமும் மண்ணெண்ணெய்த் தாச்சியும் கம்பி பிறஸும்தான். குந்தியிருந்து தேய்த்துத் தேய்த்து ஒருநாள் முழங்கால் வலிக்கும், மறுநாள் மணிக்கட்டு வலிக்கும். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் சாப்பிடும்போது சோற்றில் மண்ணெண்ணெய் மணக்கும். மகளின் கலியாணப் படங்களைப் பார்த்தால், எல்லாப் படத்திலும் என் இரண்டு கைகளும் சேலைத் தலைப்புக்குள் இருக்கும். வெடித்துக் கறுத்த விரல்களை யாருக்குக் காட்டுவது?

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மெசின் வந்தது. வவுனியாவில் பித்தளை விளக்குகளை மினுக்கிக் கொடுத்துவந்த ஒருவர் தொழிலை விட்டுவிட்டு வெளிநாட்டில் மகனோடு போய் இருக்கப் போகிறார் என்று கேள்விப்பட்டு, இவர் போய் அதை வாங்கி வந்தார். பெரிய அண்டா போல வட்டமான தொட்டி. அது ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும். அடியில் ஒரு மோட்டர். மோட்டரின் தண்டில் ஒரு பக்கம் மட்டும் பாரம் பூட்டியிருப்பதால், அது சுற்றும்போது தொட்டி முழுவதும் நடுங்கும். தொட்டிக்குள் அரைவாசிக்கு விரல்நுனி அளவான முக்கோணக் கற்கள் கிடக்கும். சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, கறள் பிடித்த சாமான்களை உள்ளே போட்டு ஆளியைத் தட்டினால், கற்கள் எல்லாம் மெல்ல உருண்டு வட்டமாக நகரத் தொடங்கும். சாமான்கள் அவற்றுக்குள் புதையும், மேலே வரும், மறுபடி புதையும். ஒரு மணித்தியாலத்தில் இரும்பின் நிறம் தெரியும். பிறகு எடுத்து அலசி, உமி நிறைத்த பெரிய தகரப் பரலுக்குள் புதைத்துவைத்தால் ஈரம் முழுவதையும் உமி குடித்துவிடும். உருத்திரபுரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள மில்லிலிருந்து இரண்டு மூடை உமி கொண்டுவருவேன்.

இனி உனக்கு வேலையே இல்லை என்று அக்கா சொன்னாள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வேலை கெதியாக முடிகிறது என்று தெரிந்ததும் வேலை கூடிப்போயிற்று. மாங்குளத்திலிருந்தும் நெடுங்கேணியிலிருந்தும் உழவு மெசின்காரரும் மோட்டார் சைக்கிள்காரரும் கறள் பிடித்ததையெல்லாம் கொண்டுவந்து இறக்கினார்கள். எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது, எது எவ்வளவு நேரம் என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒவ்வொரு துவாரத்திலும் போய் இறுகிய கற்களை ஈர்க்கால் குத்தி எடுக்கவேண்டும். ஒரு கல்லை விட்டுவிட்டால் எண்ணெய் போகும் வழி அடைபட்டு எஞ்சினே போய்விடும். மெசினின் இரைச்சலோ காதோடு நிற்காது. பாயில் படுத்தாலும் நிலம் நடுங்குவது போல இருக்கும். இரண்டு விரல்கள் மரத்துப்போகத் தொடங்கியிருந்தன. இவரிடம் சொல்லவில்லை. அவருக்கு அவருடைய இடுப்பு வலி.

அந்தக் கார் வந்தது ஒரு ஆவணி மாதம். காராக வரவில்லை. முல்லைத்தீவிலிருந்து ஒரு சின்ன லொறியில் மூன்று உரப்பைகளும், படங்குச் சீலையில் சுற்றிய எஞ்சின் கட்டை ஒன்றும் வந்தன. கொண்டுவந்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் வியாபாரி. முல்லைத்தீவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். நாங்கள் அவரை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிட்டோம். கதிரையில் இருந்து வெறுந்தேநீரைக் குடித்துக்கொண்டு, அவசரப்படாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

கார் அவருடைய தகப்பனுடையது. அந்த நாளில் இங்கிலாந்திலிருந்து வந்த சிறிய கார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது அவர்களால் கையில் எடுத்துப்போக முடிந்தது கொஞ்சம்தான். காரின் திறப்பைப் பக்கத்து வளவில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த மனிதரிடம் தகப்பன் கொடுத்தார். பத்திரமாக வைத்திருங்கோ, வந்து எடுக்கிறன் என்றாராம். வந்து எடுக்கத் தகப்பன் இருக்கவில்லை. போய்த் தங்கிய புத்தளத்திலேயே மவுத்தாகிவிட்டார்.

சைக்கிள் கடைக்காரர் காரைத் தன் வளவில் ஒரு கொட்டிலுக்குள் விட்டிருந்தார். முழுதாக நின்றால் யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், சில மாதங்களில் எஞ்சினைத் தனித்தனியாகக் கழற்றினார். ஒவ்வொன்றுக்கும் தடிப்பாகக் கிறீஸ் பூசி, உரப்பைகளில் கட்டி, கிணற்றடியிலிருந்து காலடி அளந்து புதைத்தார். கொட்டிலில் மிஞ்சிய காரின் வெறும் உடலை ஆழிப்பேரலை கொண்டுபோயிற்று. பிறகு கடைசிச் சண்டையில் அவரும் ஊரைவிட்டு ஓடி, வவுனியாவில் முகாமில் இருந்து, திரும்பி வந்தார். நானா ஊருக்குத் திரும்பி, இடிந்த வீட்டின் நிலத்தைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றபோது, அந்த மனிதர் வேலியோரம் வந்து, தம்பி, உங்கடை சாமான் என்னட்டைக் கிடக்கு என்று சொன்னாராம்.

"நான் காரை மறந்தே போனன், தங்கச்சி. அவர் மறக்கேல்லை" என்றார் நானா.

இருவரும் சேர்ந்து கிண்டி எடுத்தார்கள். ஆனால் வீடு கட்டவேண்டும், கடை போடவேண்டும், மூன்று பெண் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கவேண்டும் என்று வருடங்கள் போய்விட்டன. உரப்பைகள் கடையின் பின்பக்கம் கிடந்தன. இப்போதுதான் வவுனியாவில் ஒரு வளவில் எஞ்சின் இல்லாமல் நின்ற அதே இனத்துக் கார் ஒன்றைக் கண்டு வாங்கியிருக்கிறார். அதற்குள் இந்த எஞ்சினைப் பூட்டவேண்டும். சைக்கிள் கடைக்காரருக்கு இப்போது எழுபத்தைந்துக்கு மேல். அவர் கண்ணால் காணவேண்டும் என்பதுதான் நானாவின் அவசரம்.

எஞ்சின் கட்டையை இவர் வவுனியாவில் லேத்துக்காரரிடம் கொடுத்தார். உரப்பைகள் என் பக்கம் வந்தன. முதல் பையை அவிழ்த்து, ஒரு துண்டை எடுத்து மண்ணெண்ணெயில் துடைத்துப் பார்த்தேன். கிறீஸ் மெழுகு போல இறுகியிருந்தது. அது உரிந்து வந்தபோது இரும்பு பெரிதாகப் பழுதில்லாமல் இருந்தது. அதில் ஆணியால் கீறிய எழுத்து ஒன்றைக் கண்டேன். "2 மு" என்று இருந்தது. அடுத்த துண்டில் "3 பி". முன்பக்கம், பின்பக்கம் என்று விளங்கியது. ஒவ்வொன்றும் எந்த இடத்தில் இருந்து கழற்றியது என்று அந்த மனிதர் எழுதி வைத்திருக்கிறார்.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மெசினில் போட்டால் இந்தக் கீறல்கள் நிற்காது, ஒவ்வொன்றையும் பார்த்து எழுதிவைத்துவிட்டுத்தான் போடவேண்டும் என்றார். மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து, ஒவ்வொரு துண்டையும் அதில் சின்னப் படமாகக் கீறி, பக்கத்தில் அந்த எழுத்தை எழுதி, துண்டில் கம்பியால் ஒரு தகரச் சீட்டும் கட்டினேன். இரண்டு பைகளுக்கு அப்படியே செய்தேன். பத்து நாள் எடுத்தது. இடையில் உழவு மெசின்காரர்களின் வேலையும் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாவது பையை அவிழ்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. முதல்நாள் முழுவதும் மின்சாரம் இல்லை. அதனால் தேங்கிய வேலைக்காக விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். இவர் சாமான் எடுக்க வவுனியாவுக்குப் போயிருந்தார். மூன்றாவது பையில்தான் முக்கியமானவை இருந்தன. நான்கு பிஸ்டன் கைகள், அந்தக் கைகளை எஞ்சின் தண்டோடு பிடித்துவைக்கும் நான்கு மூடிகள், வால்வுகளை அமுக்கும் எட்டு றொக்கர்கள். மூடிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொன்றும் தன்னுடைய கைக்கு மட்டுமே பொருந்தும். மாற்றிப் பூட்டினால் தண்டு இறுகும்.

அந்தப் பைக்குள் ஒருகாலம் தண்ணீர் போயிருக்கவேண்டும். கிறீஸின் மேல் உப்பும் மணலும் சேர்ந்து கல்லாகியிருந்தது. கையால் தேய்த்தேன், வரவில்லை. மணிக்கட்டு நொந்தது. பத்து நிமிடம் மட்டும் மெசினில் ஓடவிட்டால் மேல் ஓடு கழன்றுவிடும், பிறகு எடுத்து எழுத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, எல்லாவற்றையும் தொட்டிக்குள் போட்டு ஆளியைத் தட்டினேன். பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். பத்து நிமிடம்தானே.

என்னை எழுப்பியது சத்தமில்லாமை. இவர் வந்து மெசினை நிற்பாட்டியிருந்தார். வெயில் மறுபக்கம் போயிருந்தது. மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தூங்கியிருக்கிறேன். தொட்டிக்குள் கையை விட்டு ஒரு மூடியை எடுத்தேன். பதினொரு வருடத்தில் நான் அவ்வளவு அழகாக எதையும் துப்புரவாக்கியதில்லை. வெள்ளி போல இருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அடுத்ததை எடுத்தேன், அதற்கடுத்ததை எடுத்தேன். பதினாறையும் எடுத்து மரவாங்கில் அடுக்கி, சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டும்.

இவர் ஒவ்வொன்றையும் விரலால் தடவி, அளந்து பார்த்தார். நல்லகாலம், பூட்டும் இடங்களில் பழுது இல்லை, கல் மேல்தோலைத்தான் தின்றிருக்கிறது என்றார். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குசினிக்குப் போய்த் தேநீர் ஊற்றிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. நான் பொறுமையாப் பாத்துப் பூட்டுறன். எஞ்சின் ஓடினால் எழுத்தை ஆர் கேக்கப் போகினம்?"

அவர் சொன்னது சரிதான். வேறு ஒருவருடைய காராக இருந்தால் நானும் அப்படியே விட்டிருப்பேன். இரண்டு நாள் அந்த யோசனையோடு திரிந்தேன். ஒரு மனிதர் தன் வளவுக்குள் குந்தியிருந்து, எட்டு றொக்கரிலும் ஆணியால் எழுதி, கிறீஸ் பூசி, மண்ணுக்குள் வைத்தார். அதன்மேல் கடல் வந்து போனது, சண்டை வந்து போனது. அந்த எழுத்து அழியவில்லை. நான் ஒரு மத்தியானத் தூக்கத்தில் அழித்துவிட்டேன். இதைச் சொல்லாமல் அந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலையில் நானாவுக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். நித்திரை கொண்டுவிட்டேன் என்பதையும் மறைக்கவில்லை.

"எல்லாமா, தங்கச்சி?"

"மூண்டாவது பையிலை இருந்தது எல்லாம், நானா."

"சரி. நான் சைக்கிள் கடை அண்ணையிட்டைச் சொல்லுறன். அவருக்கு நினைவிருக்கோ தெரியாது" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. களைப்புத்தான் இருந்தது. என்னுடைய களைப்பு அவருக்கும் தொற்றிவிட்டது போல இருந்தது.

அடுத்த கிழமை இருவரும் வந்தார்கள். சைக்கிள் கடைக்காரர் மெலிந்த, உயரமான மனிதர். இரண்டு கண்ணிலும் பூ விழுந்திருந்தது. நானா அவருடைய முழங்கையைப் பிடித்துக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினார். நான் அவர் முன்னால் போய் நின்று, மன்னியுங்கோ ஐயா என்று தொடங்கினேன். அவர் முதலில் சாமானைத் தரச் சொன்னார். ஒரு மூடியை உள்ளங்கையில் வைத்துக் கொடுத்தேன். அதை மெதுவாகத் தடவினார், மூக்கருகில் கொண்டுபோய் மணந்தார்.

"எந்த இடம் எண்டு நினைவிருக்கோ, ஐயா?" என்று இவர் கேட்டார்.

"இல்லைத் தம்பி. ஒண்டும் நினைவில்லை" என்றார்.

வாங்கில் இருந்த பதினாறு துண்டையும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையை என் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, நான் அதை ஏன் எழுதினனான் தெரியுமோ? இவையள் திரும்பி வரேக்குள்ளை நான் உயிரோடை இருக்கமாட்டன் எண்டு நினைச்சன். நான் இல்லாட்டி ஆரும் பாத்துப் பூட்டட்டும் எண்டுதான் எழுதினது. இப்ப நான் இருக்கிறன். பிறகேன் அந்த எழுத்து?"

நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே லொறியைப் பார்க்கப் போவதுபோலப் போனார். நான் குசினிக்குப் போனேன். அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவினேன்.

திரும்பி வந்தபோது அவரும் இவரும் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். ஒரு கையோடு ஒரு மூடியைப் பூட்டி, சேர்ந்த இடத்தின் உட்பக்கத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பது. அது அதற்குரிய மூடிதான் என்றால் நகம் வழுக்கிப் போகும். இல்லையென்றால் மயிரளவு படி ஒன்று தட்டும். இவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அவரிடம் கொடுப்பார். அவர் கண்ணை மூடிக்கொண்டு நகத்தை ஓட்டிவிட்டு, இது இல்லை, அல்லது இதாய் இருக்கலாம் என்பார். பிறகுதான் இவர் தான் நினைத்ததைச் சொல்வார். ஒவ்வொரு முறையும் நட்டைக் கழற்றி மறுபடி இறுக்கவேண்டும். நான் கழற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலைக்குள் மூன்று மூடிகளில் இருவருக்கும் ஒரே முடிவு. நான்காவது தானாகவே மிஞ்சியது. றொக்கர்களை அப்படிப் பார்க்க முடியாது. தேய்ந்த அளவை வைத்து இவர் மறுநாள் அடுக்கினார். அவை சரியா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று அவர்கள் போகும்போது அந்த மனிதர் என் கையைப் பிடித்து விடைபெற்றார். பிடித்தவர் விடவில்லை. என் இரண்டு விரல்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, இது விறைக்குதோ என்று கேட்டார். ஓம் என்றேன். இவர் அப்போதுதான் அதைக் கேள்விப்பட்டார். இரண்டு நாள் கழித்து வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் என்ன வேலை என்று கேட்டார். சொன்னோம். நடுங்கும் மெசினைத் தொடவேண்டாம், கொஞ்ச நாள் கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அடுத்த மாதம் முழுவதும் மெசினை இவரே பார்த்தார். கற்களைக் குத்தி எடுக்கும்போது அவர் முணுமுணுப்பது குசினிவரைக்கும் கேட்டது.

ஐப்பசி மழைக்கு முன் எஞ்சினை, வவுனியாவிலிருந்து கொண்டுவந்த காருக்குள் இறக்கினார்கள். நானாவும் சைக்கிள் கடைக்காரரும் மறுபடி வந்தார்கள். முதல்தரம் திறப்பைத் திருப்பியபோது இருமிவிட்டு நின்றது. இரண்டாம் தரமும் அப்படித்தான். இவர் காபரேட்டரைக் கழற்றி ஊதிப் பூட்டினார். நாலாம் தரமோ ஐந்தாம் தரமோ பிடித்துக்கொண்டது. புகை கராச் முழுவதும் நிரம்பியது. சைக்கிள் கடைக்காரர் காரின் முன்மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். நானா இரண்டு கையையும் ஏந்தித் தனக்குள் ஏதோ ஓதினார். எனக்குச் சந்தோசமாக இருந்ததா என்று இப்போது யோசித்தால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இனிக் கொஞ்சம் ஆறி இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். போய் உமிப் பரலின் மேல் இருந்தேன்.

நெடுங்கேணிப் பாதையால் அவர்கள் மெல்ல ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒட்டுசுட்டானில் தண்ணீர் கொதித்து, ஒரு வீட்டில் வாளி வாங்கி ஊற்றி, பொழுதுபடும் நேரம் முல்லைத்தீவுக்குப் போய்ச் சேர்ந்ததாக நானா போனில் சொன்னார்.

தைமாதம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பேருந்தில் போனோம். நானாவின் வீட்டில் மீன் குழம்பும் இறால் பொரியலும் வைத்திருந்தார்கள். சைக்கிள் கடைக்காரரும் தன் மனைவியோடு வந்திருந்தார். கார் முற்றத்தில் தகரக் கூரையின் கீழ் நின்றது. காலையில் சில நாட்களில் எஞ்சின் பிடிப்பதில்லை என்று நானா வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். எங்கள் மனம் நோகும் என்று நினைத்திருக்கவேண்டும். இவர் முன்மூடியைத் திறந்து ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு மூடினார்.

பின்னேரம் பேருந்து நிலையம்வரை காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்று நானா பிடிவாதமாக நின்றார். நாங்கள் ஏறியிருந்தோம். எஞ்சின் பிடிக்கவில்லை. மறுபடி இறங்கினோம். நானா உள்ளே இருக்க, நானும் இவரும் பின்னால் நின்று தள்ளினோம். மணல் பாதையில் சில்லு புதைந்தது. சைக்கிள் கடைக்காரரும் வந்து பக்கத்தில் கையை வைத்தார். வேண்டாம் ஐயா என்று சொன்னதை அவர் கேட்கவில்லை. வளவு வாசலைத் தாண்டித் தார் வீதிக்கு வந்தபின் எஞ்சின் பிடித்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு வீதியோரம் நின்றோம். நானா கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி வந்து எங்களை ஏற்றினார். நிலையத்துக்குப் போனபோது எங்கள் பேருந்து வெளிக்கிட்டுக்கொண்டிருந்தது. அவர் காரின் கோனை அடித்து அதை நிற்பாட்டினார்.

பின் வரிசையில் இரண்டு இடம் இருந்தது. யன்னலோரம் நான் இருந்தேன். தண்ணீரூற்று தாண்டுவதற்குள் இவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார்.